குடம் தூக்கிய பெண் போதும், குடத்தை வரைவோம்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எதைப் பத்தி?" என்றேன். "உனக்குத்தான் படம் போடத் தெரியுமே, அதைப் பத்தியே எழுது. ரெண்டு பக்கத்துக்கு மேல போகாதே" என்றார். போய்விட்டது. செயலாளர் மன்னிக்க!

முதலில் ஒரு கேள்வி. "பெண்மை", "மகளிர் தினம்", "பெண்ணின் வாழ்க்கை" என்று தலைப்புக் கொடுத்து ஓவியப் போட்டி வைத்தால் என்ன படங்கள் வரும்? கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். சங்கிலியை உடைக்கும் வளையல் கை. ஒரு கண், அதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர், அந்தச் சொட்டுக்குள் ஒரு குழந்தை. பாதி முகம் சீதை, பாதி முகம் கல்பனா சாவ்லா. இதில் ஏதாவது ஒன்றை நானும் பள்ளிக்கூடத்தில் வரைந்து பரிசு வாங்கியிருக்கிறேன். (டிபன் பாக்ஸ். இன்னும் வீட்டில் இருக்கிறது.)

இரண்டு வருடத்துக்கு முன் வெளியூரில் ஒரு போட்டி. தலைப்பு "பெண்ணின் வாழ்க்கை". எனக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தில் நான் நீர்வண்ணத்தில் ஓர் அம்மியை வரைந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் அப்பத்தாவின் அம்மி. நடுவில் குழிந்து, வலது ஓரம் கொஞ்சம் கூடுதலாய்த் தேய்ந்து, இரண்டு முனையும் ஒல்லியாகிப்போன குழவியோடு. ஓரத்தில் காய்ந்த மிளகாய் விழுதுக் கறை. அவ்வளவுதான் படம். பார்வையிட வந்த பெரியவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "தலைப்பு பொண்ணு பாப்பா, நீ கல்லை வரைஞ்சு வச்சிருக்கே!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது? பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் எழுதுவதுதான் இந்தக் கட்டுரை. இரண்டு வருடம் ஆறவைத்து எழுதுகிறேன், ஆகவே பயப்பட வேண்டாம்.

என் கட்சி இதுதான். பெண்ணின் முகத்தை வரையாமலே பெண்ணின் வாழ்க்கையை வரையலாம். அவள் புழங்கிய சாமானை, புழங்காமல் விட்ட சாமானை, உள்ளது உள்ளபடி, அளவு பிசகாமல், நிழல் பிசகாமல் வரைந்தால் போதும். ஓவியர்கள் இதை "ஸ்டில் லைஃப்" என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயருக்குச் "செத்துப்போன இயற்கை" என்று பொருள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. சாமான் படம் என்றே சொல்கிறேன்.

இதில் நமக்கு, டிப்ளமோ படிக்கிறவர்களுக்கு, ஒரு வசதி இருக்கிறது. முதலாம் ஆண்டிலேயே எஞ்சினீயரிங் டிராயிங் நம்மைப் பிழிந்து எடுத்துவிடுகிறது. வட்டத்தை ஐசோமெட்ரிக்கில் போட்டால் நீள்வட்டம் என்று நமக்குத் தெரியும். நான்கு மையம் வைத்துப் போடுவோமே, அதேதான். ஆனால் ஒரு வித்தியாசம். ஐசோமெட்ரிக்கில் மேல் வட்டமும் கீழ் வட்டமும் ஒரே மாதிரி நீள்வட்டமாக இருக்கும். கண்ணால் பார்க்கும்போது அப்படி இல்லை. கண் மட்டத்துக்கு அருகில் உள்ள குடத்து வாய் ஒடுங்கித் தெரியும், கீழே போகப் போக வட்டம் விரியும். இதைப் பிடித்துவிட்டால் அண்டாவும் குண்டானும் வசமாகிவிடும். சாமான் படத்தில் சொதப்புகிறவர்களில் பாதிப் பேர் குடத்தின் வாயில்தான் சொதப்புகிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாம் போடுகிற பார்ட் டிராயிங்கில் தேய்மானம் கிடையாது. பொருள் எப்போதும் புதுசு, அன்றைக்குத்தான் கடைந்து எடுத்தது போல. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் பழைய லேத்தைப் பாருங்கள். பெட்டில் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் தேய்மானம் கூடுதல். ஏன்? வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. தேய்மானத்தைப் பார்த்தே அந்த மிஷினில் என்ன வேலை ஓடியது என்று எங்கள் போர்மேன் சொல்லிவிடுவார். அம்மியும் அப்படித்தானே? கருங்கல் தேய எத்தனை வருடம் ஆகும்? இடையில் "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் வருகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தி வேறு வைப்பார்கள். அப்படியும் குழிந்திருக்கிறது. அப்பத்தாவின் தோளும் முழங்கையும் போன வழி அந்தக் குழிதான். ஒரு கிழவியின் முகத்தைச் சுருக்கம் சுருக்கமாக வரைந்தால் "பாவம்" என்பார்கள். அம்மிக் குழியை வரைந்தால் வேலை தெரியும்.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். என் ஊர் மதகுபட்டிக்குப் பக்கத்து ஒக்கூர். சங்க காலத்துப் பெண் கவிஞர் ஒக்கூர் மாசாத்தியார் எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஒக்கூர் என்ற பெயரில் வேறு ஊர்களும் உண்டுதான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம்! அவர் பாடியதாகக் கிடைப்பது எட்டே பாட்டு. குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. அந்தப் புறநானூற்றுப் பாட்டு 279-ஆவது. பிளஸ் டூ வரை தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். முதல் போரில் தந்தை போனார் (தமையன் என்று சொல்கிற உரையும் உண்டு). முந்தின நாள் போரில் கணவன் போனான். இன்று மறுபடி பறை கேட்கிறது. அவளுக்கு இருப்பது ஒரே மகன். அவனை அனுப்புகிறாள்.

இதை "வீரத்தாய்" என்று தலைப்புப் போட்டு மேடையில் முழங்கலாம், முழங்கியும் இருக்கிறோம். நான் கவனித்தது வேறு. மாசாத்தியார் அந்தத் தாயின் முகத்தை வர்ணிக்கவே இல்லை. கண்ணீர் இருந்ததா, இல்லையா, ஒரு வார்த்தை கிடையாது. அவர் காட்டுவது மூன்று சாமான். ஒரு வேல். ஒரு வெள்ளைத் துணி. தலைக்குத் தடவிய எண்ணெய். அவ்வளவுதான்! குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி எண்ணெய் வைத்து, துணி உடுத்தி, கையில் வேலைக் கொடுக்கிறாள். படிக்கிற நமக்கு அந்த எண்ணெயில்தான் வயிறு கலங்குகிறது. குறுந்தொகைப் பாட்டொன்றிலும் இப்படித்தான். வேலியோரம் பூனை வந்துவிட்ட சாயங்காலம், வீட்டுக் கோழி குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கதறுகிறது. அடுப்படிக்கு வெளியே பத்தடியில் நடக்கிற விஷயம். ஆகவே நான் சொல்கிற பாணி சீமையிலிருந்து இறக்குமதி ஆனது என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். போன பொங்கல் லீவில் அந்த மூன்றையும் வரைந்தேன். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய், மடித்த வெள்ளை வேட்டி, வேலுக்குப் பதில் தாத்தாவின் வேல்கம்பு. படம் சுமாராகத்தான் வந்தது. வெள்ளை வேட்டியை வரைவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கவும்.

ஏனென்றால் நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியே எடுத்துப் பூசுவது கிடையாது. வெள்ளை என்பது காகிதம்தான். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தொடாமல் விட வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்த்திக்குப் போக வேண்டும், திரும்பி வர வழி இல்லை. தைலவண்ணத்தில் தப்பு நடந்தால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். இதில் ஒருமுறை சேறானால் சேறுதான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஒரு பக்கம் தண்ணீர் பூசி மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதனால் காலையிலேயே உட்கார வேண்டும். காகிதத்தை நனைத்து டிராயிங் போர்டில் நாலு பக்கமும் கம் டேப் ஒட்டி இழுத்துக்கொண்டால் சுருங்காது. (போர்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே!) புகைக்கரி பிடித்த சட்டிக்குக் கறுப்பு டியூபைத் தொடாதீர்கள், செத்துப்போய்விடும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் உயிருள்ள கறுப்பு வரும்.

செலவும் பாருங்கள். கான்வாஸ், லின்சீட் எண்ணெய், டர்பன்டைன் என்று போனால் நம் பஸ் பாஸ் காசு பத்தாது. ஒற்றை அறை வீட்டில் டர்பன்டைன் வாடையை யார் பொறுப்பார்கள்? நீர்வண்ணம் என்றால் ஒரு கேம்லின் பெட்டி, இரண்டு பிரஷ், ஒரு டம்ளர் தண்ணீர். "அடியே, அடுப்பைப் பாரு" என்று அம்மா கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டு வரலாம்.

இந்தக் கடைசிக் காரணத்தாலேயே நீர்வண்ணமும் சாமான் படமும் "பொம்பளைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு" என்று கீழே தள்ளப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் படங்களுக்கே சாதி வைத்திருந்தார்கள். புராண, சரித்திரப் படம் மேலே. பழம், பூ, பாத்திரம் எல்லாவற்றுக்கும் கீழே. மேல் சாதிப் படம் வரைய மனித உடம்பை மாடல் வைத்துப் படிக்க வேண்டும், அந்த வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. 1768-ல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஏஞ்சலிகா காஃப்மன் ஒருவர். இன்னொருவர் மேரி மோஸர், பூக்கள் வரைந்து பேர் வாங்கியவர். பிறகு ஸோஃபனி என்ற ஓவியர் உறுப்பினர்களைச் சேர்த்து ஒரு குரூப் படம் போட்டார். மாடல்கள் நிற்கிற வகுப்பு. ஆண்கள் எல்லோரும் கூட்டமாக நிற்கிறார்கள். இந்த இரண்டு பெண்கள்? சுவரில் மாட்டிய படங்களாக! உறுப்பினர்தான், ஆனால் உள்ளே வரக்கூடாது. குரூப் போட்டோவுக்கு லீவ் போட்டவர்களை மூலையில் வட்டம் போட்டு ஒட்டுவார்களே, அது மாதிரி.

மதராஸிலேயே ஒரு பெண் இருந்தார். எலிசபெத் குவில்லிம். கணவர் இங்கே சுப்ரீம் கோர்ட் நீதிபதி. 1801-ல் வந்தவர், 1807-ல் இங்கேயே இறந்துபோனார். அந்த ஆறேழு வருடத்தில் நம் ஊர்ப் பறவைகளை நூற்றுக்கு மேல் நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். சிறகு சிறகாக, அவ்வளவு நுணுக்கம். துரைசானி என்றால் பொழுது போகாமல் வரைந்தார் என்றுதான் நினைப்போம். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பறவை நூல் எழுதியவர்களுக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார்கள். அவர் இறந்து நூறு வருடத்துக்கும் மேல் அவை யார் கண்ணிலும் படவில்லை. 1924-ல் லண்டனில் ஒருவர் கண்டெடுத்து, இப்போது கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ரவிவர்மாவை எல்லோருக்கும் தெரியும், காலண்டர் வழியாக வீட்டுக்கு வீடு வந்தவர். அவருடைய தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் ஓவியர்தான். எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தில் சுனயனி தேவி (1875–1962). அண்ணன்மார் அபனீந்திரநாத், ககனேந்திரநாத் இருவரும் பெரிய ஓவியர்கள். தங்கைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அண்ணன்கள் வரைவதைப் பார்த்தே தெரிந்துகொண்டு, முப்பது வயதில், பிள்ளைகுட்டி பெற்று வீட்டு நிர்வாகம் பார்த்துக்கொண்டே, நடுநடுவே நீர்வண்ணத்தில் வரைந்தார். 1922-ல் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹாஸ் ஓவியர்கள் படம் வந்த கண்காட்சியில் இவர் படமும் தொங்கியது. என்னைப் போல் "அடுப்பைப் பாரு" குரல் கேட்டவர்தான் அவரும் என்று நினைத்தால் ஒரு தெம்பு வருகிறது. இன்னும் சமீபத்தில், 1987-லிருந்து 1989 வரை, நளினி மலானி, மாதவி பாரேக், நிலிமா ஷேக், அர்பிதா சிங் என்று நான்கு பெண்கள் சேர்ந்து, போபாலில் தொடங்கி ஐந்து இடங்களில் கண்காட்சி நடத்தினார்கள். இவர்கள் படமெல்லாம் அச்சு அசல் பாணி இல்லை, என் பாணி வேறு. ஆனாலும் காகிதத்தையும் நீர்வண்ணத்தையும் கேவலமாக நினைக்காமல் கையில் எடுத்தார்களே.

அச்சு அசல் என்றதும் உங்களுக்கு ஓவியர் இளையராஜா நினைவுக்கு வருவார். கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவர் (1979), 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார். அவர் வரைந்த பெண்கள் நம் அக்கா தங்கச்சி மாதிரி இருப்பார்கள், கறுப்பாக, எண்ணெய் வைத்த தலையோடு, வாசற்படியில், திண்ணையில். எனக்கு அவர் மேல் பக்தியே உண்டு. ஒரு சோதனை செய்து பாருங்கள். அவர் படம் ஒன்றில் அந்தப் பெண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சுவர்க் காரை, மரத் தூண், வெளிச்சம் விழுகிற தரை, மூலையில் ஏதோ ஒரு பாத்திரம். அவள் இல்லாமலே அவள் வீடு தெரிகிறதா? அதுதான் நான் சொல்கிறது.

செட்டிநாட்டில் பிறந்துவிட்டுச் சாமானைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல், மரவை, ஓலைக் கொட்டான், தடுக்கு... ஒரு பெண் ஆயுசு முழுக்கப் புழங்கினாலும் தீராது. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போனால் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார்கள். பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே, அந்தப் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில். பிறகு 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், கணக்கு மாறியது. வீடுகள் பூட்டின. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தச் சாமான்கள் வரிசையாகக் கிடக்கின்றன. டூரிஸ்ட்டுகள் விலை கேட்கிறார்கள்.

எங்கள் அப்பத்தா எங்கள் ஊரில் ஓர் ஆச்சி வீட்டில் பாத்திரம் துலக்கினார். முப்பது வருடத்துக்கு மேல். புளியும் சாம்பலும் செங்கல் பொடியும் போட்டு. நான் சின்னப் பிள்ளையாக அவர் கூடப் போய் முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஆச்சிக்கு இப்போது எண்பதுக்கு மேல், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். போன வருடம் வீட்டை ஒதுக்கப் போகிறார்கள், சாமானைக் கடைக்காரர் எடுக்க வருகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். "ஆச்சி, எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நான் ரெண்டு மூணு சாமானை வரைஞ்சுக்கிடட்டுமா?" ஆச்சி சிரித்தார். "ஒங்க அப்பத்தா துலக்குனா, நீ வரையிறியா? வரைஞ்சுக்க ஆத்தா. வித்த பெறகு ஒன்னைத்தான் கேக்கணும், என்ன இருந்துச்சுன்னு."

அறையைத் திறந்துவிட்டார்கள். மூன்று நாள் கிடைத்தது.

நண்பர்களே, அந்த அறையில் நான் கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. சாமான் இரண்டு விதமாக இருந்தது. ஒரு பக்கம் புழங்கிய சாமான். வாய் நெளிந்த தவலை, பிடி மாற்றிய கரண்டி, தூர் ஒட்டுப் போட்ட குண்டான். மறுபக்கம் புழங்காத சாமான். கல்யாணத்தன்று பரப்பி, மறுநாள் அடுக்கி, அதன்பின் வெளிச்சமே பார்க்காதவை. எனாமல் அடுக்கு கேரியர் ஒன்று, உள்ளே சுற்றிய காகிதம்கூட அப்படியே. "இதுல பாதி நான் தொட்டதே இல்ல ஆத்தா. அவுக வந்து தனியா குடித்தனம் வைப்பாகன்னு குடுத்தது. வச்சாத்தானே?" என்றார் ஆச்சி. அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கேரியரை வரைந்தேன். நீல எனாமல், ஒரு கீறல் கிடையாது. தேய்மானம் இல்லாத சாமானும் கதை சொல்லும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒர்க்‌ஷாப் தியரி கொஞ்சம் அடிபட்டது.

ஒரு பித்தளை அண்டா. கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது, ஆச்சியின் அப்பா பேர் முதல் எழுத்தோடு. அந்த எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது. ஏன் மழுங்கியது? துலக்கித் துலக்கி. துலக்கியது யார்? எங்கள் அப்பத்தா! வெட்டிய பேர் ஒருத்தியுடையது, அதை மழுக்கிய கை இன்னொருத்தியுடையது. ஒரே அண்டாவில் இரண்டு பேர் வாழ்க்கை. ஒருத்திக்குச் சொந்தம், புழக்கம் இல்லை. ஒருத்திக்குப் புழக்கம், சொந்தம் இல்லை. இதை எந்த முகத்தை வரைந்து காட்டுவீர்கள்? அந்த மழுங்கிய எழுத்துக்கே ஒரு முழு நாள் போயிற்று. மஞ்சள் ஓக்கர், மேலே பர்ன்ட் சியன்னா, புள்ளிப் பள்ளத்தில் செப்பியா, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரத்தில் ஊசி முனை அளவு காகித வெள்ளை. நாலாம் நாள் காலை வேன் வந்தது. அண்டாவின் தூர்ப் பக்கம் முடியவில்லை. படத்தில் இன்னும் பென்சில் கோடாகவே இருக்கிறது. தராசில் வைத்துக் கிலோ கணக்கில் எடுத்துப் போனார்கள்.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்கிறது? எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன், "எதுக்கு இவ்வளவு பாடு, செல்போன்ல ஒரு போட்டோ எடுத்தா ஒரு செகண்டு" என்றான். எடுத்தேனே! அதே அண்டாவை எடுத்தும் வைத்திருக்கிறேன். போட்டோவில் பேர் தெரிகிறது. அது மழுங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது எட்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்ததால். அளவு எடுக்காமல் ஜெராக்ஸ் போட்டவனுக்கு டிராயிங் வருமா?

ஹாஸ்டல் தோழி கேட்டதுதான் உதைத்தது. "அடுப்படியை விட்டு வெளிய வரத்தானே நாம டிப்ளமோ படிக்கிறோம்? நீ திரும்ப அம்மி, அண்டா, அரிவாள்மனைன்னு அங்கேயே கூட்டிட்டுப் போறியே?" இரண்டு நாள் பதில் தெரியவில்லை. இப்போதும் முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் பெண்ணின் சாமான் என்றால் அடுப்படிச் சாமான் மட்டும்தான் என்று நானே நினைத்துவிட்டேன் என்பது புரிந்தது. அது என் தப்பு. அதன்பின் வேறு சாமான்களைத் தேடினேன். நான் பயிற்சிக்குப் போன ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு ஷூவில் மிகச் சின்ன அளவே ஏழுதான். முன்பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் நடந்தேன். அந்த ஷூவையும், உள்ளிருந்து எட்டிப்பார்க்கும் பழைய தாவணித் துணியையும் வரைந்தேன். என்னைக் கேட்டால் இதுவரை நான் போட்டதில் அதுதான் நல்ல படம். தோழியும் அதைப் பார்த்துவிட்டு, "இது சரி" என்றாள். அவள் சான்றிதழ் அவ்வளவு லேசில் கிடைக்காது. அவளுடைய காக்கி ஓவர்கோட்டை, கை இரண்டு மடிப்பு மடித்துக் குண்டூசி குத்தியதை, அடுத்து வரையச் சொல்லியிருக்கிறாள். பஸ் பாஸ், தாழ்ப்பாள் இல்லாத கதவு, லேத் சக் சாவி பட்டுக் கறுத்த கைக்குட்டை என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது.

இப்போது என் மேஜையில் இருப்பது ஓர் எவர்சில்வர் குடம். எங்கள் வீட்டுப் பரணில் எனக்கென்று பாத்திரம் சேர்கிறது. பத்தாவது படிக்கும்போதே அம்மா சீட்டுக் கட்டி வாங்கத் தொடங்கிவிட்டார். எல்லாவற்றிலும் என் பேர் வெட்டியாகிவிட்டது. டிப்ளமோ சான்றிதழில் என் பேர் அச்சாவதற்கு முன்பே பன்னிரண்டு பாத்திரத்தில் வந்துவிட்டது! அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்தது. அதிலிருந்து ஒரு குடத்தை இறக்கினேன். "எதுக்குடி இறக்குறே, கீறல் விழுந்துரும்" என்றார். கேரியர் ஞாபகம் வந்தது.

அதை வரைவது மகா கஷ்டமாக இருக்கிறது. பித்தளை தன் நிறத்தைக் கொஞ்சமாவது வைத்துக்கொள்ளும். எவர்சில்வருக்குச் சொந்த நிறமே கிடையாது. எதிரில் உள்ளதெல்லாம் அதில் வளைந்து தெரியும். ஜன்னல், மினி டிராஃப்டர், டிராயிங் ஷீட், கயிற்றுக் கொடியில் தொங்கும் யூனிஃபார்ம், எல்லாவற்றுக்கும் நடுவில் நான், மூக்கு பெருத்து, பிரஷ் பிடித்த கை பூசணிக்காய் அளவில். பெண்ணை வரையக்கூடாது என்று இவ்வளவு தூரம் வாதாடிவிட்டு, குடத்தை உள்ளது உள்ளபடி வரைந்தால் என் முகத்தையும் வரைந்தாக வேண்டும். மூன்று தாள் கிழிந்துவிட்டது. நாலாவது ஓடிக்கொண்டிருக்கிறது. விட்டுவிடலாமா, வரைந்துவிடலாமா என்று முடிவு செய்யவில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு விழாக் கண்காட்சியில் சாமான் படத்துக்கென்று ஒரு மேஜை ஒதுக்க வேண்டும். தலைப்பு, பரிசு, கோப்பை எதுவும் வேண்டாம். அதற்கு முன்னோட்டமாக, சனிக்கிழமை மதியம் டிராயிங் ஹால் சும்மாதான் கிடக்கிறது, துறைத்தலைவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வர விரும்புகிற மாணவிகள், மாணவர்கள் (ஆம், மாணவர்களும்தான். உங்கள் அம்மா புழங்கியது உங்கள் வீட்டிலும் இருக்குமே) ஆளுக்கு ஒரு சாமான் எடுத்து வரலாம். பெட்டியும் பிரஷும் இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு செட் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை, பாத்திரத்தைத் துலக்காமல் எடுத்து வாருங்கள்.

— ஒக்கூர்க்காரி,
மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்